நில்

இருபத்தெட்டு வருஷத்து வில்லங்கச் சான்றில்
ஒரே ஒரு வார்த்தை: நில்.
இங்கிலீஷில் ஒன்றுமில்லை என்று அர்த்தம்.
நான் தமிழில் வாசித்தேன்.
நின்றேன்.

ரசலையனுக்குப் பிடிக்கவில்லை.
"நில்லுண்ணா கிளியர்ணு அர்த்தம் சிஸ்டரே.
களியக்காவிளையில ரோட்டு ஓரமா
இப்பிடி ஒரு புரையிடம் இனி தவம் கெடந்தாலும் கெடைக்காது.
நாளைக்கு ஒருத்தன் வாறான் பாறசாலையிலயிருந்து,
ரொக்கத்தோட."
அந்தப் பாறசாலைக்காரன்
மூன்று மாதமாக நாளைக்கு வருகிறான்.

பதினொன்றரை சென்று.
மஸ்கட்டில் ஒன்பது வருஷம்
அடுத்தவர் கையில் நரம்பு தேடிக் குத்திய காசு.
கண்ணுக்குத் தெரியும் நரம்பை நம்பக் கூடாது,
விரலால் தடவித் தடவித்தான் பார்க்க வேண்டும்.

மூலப்பத்திரம் கேட்டேன்.
பட்டா காட்டினார்கள்.
தீர்வை ரசீது காட்டினார்கள்.
கிணற்றைக் காட்டினார்கள், கோரிக் குடிக்கச் சொன்னார்கள்.
குடித்தேன். நல்ல தண்ணீர்தான்.
மூலப்பத்திரம் கேட்டேன்.

நாலாம் வாரம் வந்தது,
பிஸ்கட் டின்னுக்குள், பாச்சாவுருண்டை மணத்தோடு.
அத்தனையும் மலையாளம்.
கொல்லம் ஆயிரத்து நூற்று இருபத்தாறு, மேட மாசம்.
எல்லை இந்த ஊரைத் தாண்டிப் போவதற்கு முன்பு எழுதியது.

குழித்துறையில், ஆதாரம் எழுதும் ஆபீசில்,
டைப் அடிக்கும் பிரசீதா வாசித்தாள்.
இஞ்சிவிளையிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவள்.
பாதி தின்ற பரோட்டாவை ஓரமாகத் தள்ளிவிட்டு
கிழக்கு தோடு, மேற்கு இன்னாசி விளை, தெற்கு வழி என்று
கடகடவெனப் போனவள்
மூன்றாம் தாளில் மெதுவானாள்.
"ஒரு பெண்ணு உண்டு, சேச்சி."

மகள் அன்னபாக்கியம், மைனர், வயது நாலு.
அவளுக்கு இரண்டரை சென்றும்
கிணற்றில் கால் பங்கும்.

அதற்குப் பிறகு மூன்று கைமாற்றம்.
மூன்றிலும் அண்ணன்மார், அண்ணன்மாருக்க மக்கள்,
யாதொரு வில்லங்கமும் இல்லையென்று
உறுதி கூறி ஒப்பிட்டிருக்கிறார்கள்.
அவள் ஒப்பு இல்லை. ரேகை இல்லை.
நாலு வயசுப் பிள்ளை
நாலு வயசிலேயே கிடந்திருக்கிறாள்
பிஸ்கட் டின்னுக்குள்.

"செத்திருப்பா" என்றான் ரசலையன்.

சாகவில்லை.
தனுவச்சபுரத்தில், ரயில்வே கேட் தாண்டி,
எழுபத்தெட்டு வயசு,
கோழிகளை விரட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.
ஊர் சொன்னேன். விளை பேர் சொன்னேன். அவள் அப்பன் பேர் சொன்னேன்.
அழுவாள் என்று
கைக்குட்டை வரை எடுத்து வைத்திருந்தேன்.
"இப்ப அங்க சென்றுக்கு என்ன வெல?"
அதுதான் அவள் முதலில் கேட்டது.

திரும்பும் பஸ்ஸில் போன்.
"ஒரு இருவதாயிரம், ஒரு ஒப்பு, தீந்துது சோலி.
கெழவி வாசிச்சா பாக்கப்போறா?"

வாசித்தா பார்த்தேன்
நானும்?
நைட் டூட்டி கழிந்து, சீருடை மாற்றாமல்,
எம்பசி வரிசையில் நின்று,
தம்பி அனுப்பிய ஒன்பது தாளில்
பெருக்கல் குறி இருந்த இடமெல்லாம் ஒப்பிட்டேன்.
"சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான் அக்கா."
பதிலுக்கு ஒரு சிவப்பு இதயம் அனுப்பினேன்.
தலைப்பில் விடுதலை என்று என்னவோ இருந்தது.
நல்ல வார்த்தை என்று நினைத்தேன்.

ரசலையனிடம் சொன்னேன்,
அவளுக்கு இரண்டரை சென்றின் முழு விலை,
அவள் பேரில் காசோலை, இல்லையென்றால்
பாறசாலைக்காரனுக்கே கொடு.
வைத்துவிட்டான்.

மறுநாள் இ-சேவை மையம்.
கிராமம் அருமனை என்றேன்,
அப்பா விளையின் சர்வே எண் சொன்னேன்.
பையன் நிமிர்ந்து பார்த்தான்.
"போன மாசம் களியக்காவிளைக்கு எடுத்திய.
இதையும் வாங்கப் போறியளா?"

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.
எந்தத் தேதியிலிருந்து தேட வேண்டும் என்றான்.

நான் பிறந்த தேதியைச் சொன்னேன்.