நீலத்துக்கு அடியில்

மூன்றாவது வாரம்தான் நீலம் இளகியது.
கரைப்பானில் தோய்த்த பஞ்சு
கடலன்னையின் முதுகுக்கு வந்தபோது
நான்கு போல்ட்டுத் துளைகள்.
கப்பலின் மூக்கில் முடுக்கிய துளைகள்.
இடுப்பருகே ஒரு பெயர்: நற்பேறு.

லிஸ்பன் ஆவணக் கிடங்கில் கணக்கு இருந்தது.
லுவாண்டாவில் ஏற்றியது முந்நூற்றுப் பன்னிரண்டு.
பாயியாவில் இறக்கியது இருநூற்று நாற்பது.
பத்தியின் தலைப்பு: சரக்கு.

கரை ஒதுங்கிய மரத்துக்கு
யாரோ நீலம் பூசியிருக்கிறார்கள்,
யாரோ மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறார்கள்.
நூற்றைம்பது வருட முத்தத்தில்
வலது பெருவிரல் தேய்ந்து மொழுக்கென்றிருந்தது.

கதவைச் சாத்து என்றார் பாதிரியார் அபிலியோ.
அதற்குள் தியோலிந்தா வந்துவிட்டாள்,
செதில் ஒட்டிய கையோடு.
வாசித்துக் காட்டினேன்.
கழித்துப் பார்த்தாள்.
மீன் விற்பவள், கணக்குச் சட்டென வரும்.

"என் நூனோவின் படகு கவிழ்ந்த ராத்திரி
இவளைத்தான் கூப்பிட்டேன். வந்துவிட்டான்.
அந்த எழுபத்திரண்டு பேரும்
இவள் முதுகுக்குப் பின்னால்தானே கத்தியிருப்பார்கள்?
அவர்களுக்குக் கேட்காத காது
எனக்கு எப்படிக் கேட்டது?
இல்லை, கேட்டது வேறு யாரோவா?"

அபிலியோ வாய் திறக்கவில்லை.
சாமியே கிடையாது என்று
போகிற ஊரிலெல்லாம் சொல்கிறவள் நான்,
நானும்தான்.

திரும்புகையில் அவள் கை
பழக்கத்தில் அந்த விரலுக்குப் போனது.
சுட்டதுபோல் இழுத்து
ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

பஞ்சுகளைப் பொறுக்கினேன்.
பையில் இந்த மாதக் காசோலை.
சர்க்கரைக் கம்பெனி ஒன்றின் முத்திரை,
அதுவும் நல்ல நீலம்.
நான் சுரண்டிப் பார்த்ததில்லை.