எரிக்கா

கடித உறையில் வந்தது விதை.
விதை என்று சொன்னதால்தான் விதை.
இல்லாவிட்டால் மேசைத் தூசியோடு
ஈரத்துணியால் துடைத்திருப்பேன்.

ஆபிரிக்காவின் தென்முனையில்
கடலைப் பார்த்த மலைச்சரிவுகளில்
அறுநூறுக்கும் மேல் வகை இருக்கிறதாம் இதில்.
ஃபர்ஹத் மிஸ் அட்டையில் எழுதிவைத்தார்:
எரிக்கா.
மறுகா அவர் ஓமானுக்குப் போய்விட்டார்.
அட்டையும் தட்டும் என் பொறுப்பு.

விதையோடு ஒரு காய்ந்த கிளையும் இருந்தது.
சம்மாந்துறைப் பகல், ஒன்றரை மணி,
கரண்ட் போன ஆய்வுகூடத்தில்
நுணுக்குக்காட்டியை யன்னல் பக்கம் திருப்பினேன்.

இலை என்று சொல்ல வெட்கப்படும் இலை.
ஊசிதான். மும்மூன்றாகத் தண்டைச் சுற்றி.
ஓரம் இரண்டும் கீழே மடிந்து
நடுவில் தலைமயிர் அகலத்தில் ஒரு வாய்க்கால்.
மூச்சுத் துளையெல்லாம் அந்த வாய்க்காலுக்குள்.
கச்சான் அடிக்கிற ஆனி மாதம்
சேலைத் தலைப்பை வாயோடு பொத்தி
சந்தைக்கு நடக்கிறோமே, அந்த மாதிரி.

பூ ஒரு மணி.
நாலு அல்லியும் ஒட்டிப் பிறந்து
விளிம்பில் மட்டும் பிரிந்திருக்கிறது.
கேசரம் எட்டு. எண்ணினேன், எட்டுத்தான்.
ஒவ்வொரு மகரந்தக்கூட்டின் உச்சியிலும் துளை,
உப்புக் குப்பிபோல; தட்டினால்தான் கொட்டும்.
வாடினாலும் அல்லி உதிராது.
காயைச் சுற்றியே நிற்கும்
கடதாசி நிறத்தில், தொட்டால் சரசரத்து.
குறிப்பேட்டில் "இறந்த பூ" என்று எழுதி
வெட்டினேன்.

வேர் வெறும் நூல்.
நூலுக்குள் ஒரு பங்கசு குடியிருந்து
ஒன்றுமில்லாத மணலிலிருந்து
ஊட்டிக்கொண்டே இருக்கிறது.
ஒரு பிடி பசளை போட்டால் செத்துப்போகும்.

இதை நான் வட்டையில் போய்ச் சொல்லியிருக்கக் கூடாது.
பசளை வராத போகம் அது.
வெள்ளாமை முழங்காலோடு நின்று மஞ்சளாகியிருந்தது.
வரம்பில் குந்தியிருந்த மச்சான் தவேந்திரன்
"அப்பிடி ஒரு பயிர் இருந்தா
கொழும்புக்கு அனுப்பு, அவங்க நடட்டும்" என்றான்.
சிரிக்கவில்லை. நானும்.

தண்ணீர் தெளித்தேன், நாற்பது நாள்.
தட்டில் பாசிதான் வந்தது.
மிஸ் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டார்:
புகை காட்டுங்க.
அங்க மலை எரிஞ்ச பிறகுதான் முளைக்கும்.

நான் வீரமுனைக்காரி.
எங்கள் தெருவில் புகை என்றால்
விதையைப் பற்றிய பேச்சு இல்லை.
தீப்பெட்டியை மேசையில் வைத்து
மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நாலாம் நாள் லாச்சிக்குள் போட்டு மூடினேன்.

கடைசியில் தட்டைச் சைக்கிள் கரியரில் கட்டி
அரிசி ஆலைக்குப் போனேன்.
கொதிகலனுக்கு உமி தள்ளுகிற உதுமாலெவ்வை
அட்டையை எழுத்துக் கூட்டி வாசித்தார்.
"எரிக்கா... எரிக்காத எண்டுதானே அருத்தம்?
பேரை இப்பிடி வச்சுப்போட்டு
நெருப்புக்கிட்டக் கொண்டந்திருக்கீங்களேகா."
"நெருப்பு வேணாம். புகை மட்டும்."
"எந்த ஊர்?"
சொன்னேன்.
அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

பிஸ்கற் தகரத்தில் இரண்டு பிடி உமி.
பழைய பைப்புத் துண்டால்
புகையைத் தட்டுக்கு வளைத்து
தானே கிட்ட நின்று இருமினார்.
என்னை வாசலுக்கு அப்பால் நிற்கச் சொன்னார்.
எனக்குப் பட்டதெல்லாம்
அவியும் நெல்லின் மணம்.

இருபத்தாறாம் நாள்
நுணுக்குக்காட்டிக்குக் கீழே ஒரு பச்சைக் கீறல்.
பிறகு இன்னொன்று.
முந்நூறில் நாலு.
மடிக்கத் தெரியாத இரண்டு வித்திலை,
தட்டையாய், எல்லாவற்றையும் காட்டிக்கொண்டு.

இந்த ஊர் ஈரத்தில்
மாரியை இவை தாண்டாது. தெரியும்.
அட்டையில் திகதி போட்டேன்.
கீழே எழுதினேன்:
புகை — உமி, உதுமாலெவ்வை.

ஆலைப் பக்கமிருந்து கச்சான் திரும்பியது.
யன்னலை மூட எழும்பி
கொளுக்கியில் கை வைத்து
அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.