சொறியவில்லை, எரிகிறது

ஆரியங்காவிலிருந்து ரப்பர் ஷீட் ஏற்றிவந்த மினி லாரியில்
முன்சீட்டில் நிமிர்ந்தே வந்திருக்கிறாள் மாடத்தி.
சாய்ந்தால் ஒட்டிக்கொள்ளுமாம்.

செங்கோட்டை ஆஸ்பத்திரி, இரவு ஒன்றேகால்.
"ஆசிட் தெறிச்சிருக்கும், பால் உறைய ஊத்துவாள்லா"
என்றார் மேஸ்திரி.
"அம்மை" என்றான் உச்சிமாகாளி, அவள் புருஷன்,
கையில் வேப்பங்கொத்து, தோளில் சுருட்டிய வாழையிலை.
செய்யதலி பாத்திமா சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல்
கையுறையை நீட்டினாள்.

ஆசிட்டுக்குத் திசை இருக்கும்,
துணி மூடிய இடம் தப்பியிருக்கும்.
இவளுக்கு ரவிக்கைக்குள்தான் அதிகம்.
அம்மையில் முத்துக்கு முத்து வயது வேறு:
நேற்றையது உடைய, இன்றையது பூக்கும்.
இங்கே ஒரே கருஞ்சிவப்பு,
நடுவில் சாம்பல் பூத்து, ஒன்றையொன்று தின்றுகொண்டு.

போன மழைக்குக் கற்குடியிலிருந்து ஒருவர் வந்தார்.
நெல்லிக்காய் போல் விறைத்த கொப்புளங்கள்,
அழுத்தினாலும் உடையாது,
ஆறு மாதமாய்ச் சொறிந்துகொண்டிருந்தார்.
அதற்கு முன்பு ஒரு டீக்கடைக்காரி,
நாலு மாதம் வாய்ப்புண்ணோடு திரிந்தபின்
மேலெல்லாம் தொளதொளவென்று நீர்கட்டி.
தோலுக்குள்ளும் ஓர் எல்லைக்கோடு உண்டு.
மேலே பிரிந்தால் தொய்யும், கீழே பிரிந்தால் விறைக்கும்.
புத்தகத்தில் இரண்டே வரி.

இவளுக்கு மூன்று நாள்தான்.

கொப்புளமே இல்லாத தோள்பட்டையில்
கட்டைவிரலை வைத்து லேசாய் நகர்த்தினேன்.
தோல் விரலோடு வந்தது.
அவித்த சேப்பங்கிழங்கு என்று மனம் சொன்னதும்
வெட்கமாக இருந்தது.
உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது.
கண்ணுக்குள் மணல் என்றாள்.

"புதுசா மாத்திரை ஏதும்?"
முந்தானை முடிச்சிலிருந்து அட்டையை எடுத்தாள்.
காதோர நரம்புவலிக்குப் புனலூரில் எழுதியது.
பதினாறு நாள்.
"இன்னைக்கு ராத்திரியும் போட்டியா?"
"போட்டேன்."
"டாக்டர் ஒண்ணும் சொல்லலையா?"
"சொன்னாரு. சொறிஞ்ஞால் நிறுத்தணும்னாரு.
எனக்குச் சொறியலயே டாக்டரம்மா,
எரியத்தான செய்யுது."

அவரைத் திட்ட வாயெடுத்தேன்.
"அரிப்பு வந்தா வாங்க" என்றுதான்
நானும் சொல்லி அனுப்புகிறேன்.

விரல்களோடு சேர்த்து அவள் உள்ளங்கை நூற்றில் ஒன்று.
அந்தக் கையாலேயே அவளை அளந்தேன்.
முதுகில் ஒன்பது, நெஞ்சில் ஆறு,
தொடைகளில்...
இருபத்திரண்டில் நிறுத்தினேன்.
நான்தான் நிறுத்தினேன், அது நிறுத்தவில்லை.
பத்துக்குள் ஒரு பெயர், முப்பதுக்கு மேல் ஒரு பெயர்,
நடுவில் கிடப்பதற்கு இரண்டு பெயரும்,
புளியரை செக்போஸ்ட் போர்டு மாதிரி.

சிஸ்டர் வேப்பிலையோடு வாழையிலையையும் வாரப்போனாள்.
"இலை இருக்கட்டும்" என்றேன். அது ஒட்டாது.
துடைத்து, எண்ணெய் தடவி
ஸ்ட்ரெச்சரில் விரித்தோம்.
மூன்று நாளில் முதல்முறையாகச் சாய்ந்தாள்.

திருநெல்வேலிக்கு ஆம்புலன்ஸ் சொல்லியாயிற்று.
சீட்டில் பெரிதாய் எழுதினேன்:
இந்த மாத்திரை இனி ஒருநாளும் கூடாது.
உச்சிமாகாளி வாங்கிப் பார்த்துவிட்டு
"மலையாளத்துலயும் வேணும்" என்றான்,
"பொழப்பு அங்கதான."
எனக்கு எழுதத் தெரியாது.
லாரி டிரைவர் ஷிபு பானட்டில் சீட்டை வைத்து
செல்போன் வெளிச்சத்தில் எழுதினான்.
பாதியில் நிமிர்ந்து கேட்டான்,
"வலின்னு எழுதினா எங்க ஆளுக்குத் தெரியாதே.
வேதனைன்னு போடட்டா?"

போடு என்றேன்.