பிள்ளைக் காம்பராவுக்கு ஒரு லினக்ஸ்

பிள்ளைக் காம்பரா லெப்டொப்புக்குப் பதினோரு வயசு.
காலையில் அதைத் தட்டிவிட்டு
இருபத்தாறு பிள்ளைக்கும் பால்மா கரைத்து
தொட்டில் துணி உதறிக் கட்டிவிட்டு வந்தாலும்
திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேயிருக்கும்.
வருகைப் பதிவு திறக்குமுன்
ஃபெக்டரிச் சங்கு ஊதிவிடும்.

"லினக்ஸ் போடுங்கக்கா" என்றான்
தலவாக்கலை டவுனில் போன் திருத்தும் ஜெனோஜன்.
"எது?" என்று கேட்டேன்.
அதுதான் நான் விட்ட பிழை.

ஞாயிற்றுக்கிழமை அவன் கடையில் நாலு பேர்.
மூன்று பேரை யாரும் கூப்பிடவில்லை.

ஸ்டோர் கிளார்க் அந்தோனிமுத்து டெபியன்.
"புதுசு ஒண்ணும் வராது
அதனால ஒண்ணும் உடையாது."
அவர் குடையும் அப்படியே:
கறுப்பு வெளுத்துச் சாம்பலாகிவிட்டது
இன்னும் ஒழுகவில்லை.

லோகிதன் ஆர்ச்.
எனக்கெப்படித் தெரியும் என்றால்
வாசலில் செருப்பு கழற்றும்போதே சொல்லிவிட்டான்.
"வெறும் நிலத்துல நீங்களே கல் சுமந்து கட்டணும்,
அப்பத்தான் அது உங்க வீடு."
ஏழு பேர்ச் காணிக்கு
உறுதி இன்னும் வராத வீட்டுப் பையன்.
நான் சிரிக்கவில்லை.

நானுஓயா ரிஸ்மி ஜென்டூ.
வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் தொடங்கிய கம்பைல்
அவன் பைக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.
மழை சாரலாக உள்ளே அடித்தபோது
எல்லாரும் அதன் அடியில் கை காய்ச்சிக்கொண்டோம்.
பயனில்லை என்று சொல்ல முடியாது.

ஜெனோஜன் மெதுவாக "மின்ட்" என்றான்.
"அது பச்சப் பிள்ளைங்களுக்கு!" என்று
மற்ற மூவரும் ஒரே குரலில்.
எனக்கு வேண்டியதே பிள்ளைகளுக்குத்தானே என்றேன்.
காதில் விழவில்லை.

"சண்டை எதுக்கு?" என்றார் அந்தோனிமுத்து.
"கேர்னல் ஒரே கொழுந்து.
சலிக்கிறதுலதான் பீஓபி, டஸ்ட் எல்லாம்."
லோகிதன் எழுந்துவிட்டான்.
"டஸ்ட்ட நமக்குத் தள்ளிட்டு
நல்லதக் கப்பலேத்தினவன் கணக்கு அது.
இங்க எல்லாத் தரமும் எல்லாருக்கும்."
கொஞ்ச நேரம் தகரத்தில் மழை மட்டும்.

பிறகு எடிட்டரில் எது நல்லது என்று
ஜெனோஜன் கேட்டுத் தொலைத்தான்.
வீஐக்குள் போன ரிஸ்மி
வெளியே வர வழி தெரியாமல்
ப்ளக்கைப் பிடுங்கிய பழைய கதை
அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

கடைசி பஸ்ஸுக்கு இருபது நிமிசம்.
நான் ஒன்றே ஒன்று கேட்டேன்:
"கௌசிகான்னு அடிச்சா
கொம்பு பிரிஞ்சு தனியா நிக்காம வருமா?"

நாலு தலையும் முதல் தடவையாக
ஒன்றாகக் குனிந்தன.
மூன்று திரையில் கௌசிகா சரியாக வந்தாள்.
ரிஸ்மியுடையது இன்னும் முடியவில்லை.

எதைப் போட்டோம் என்றா?
லாச்சியில் ஏற்கெனவே கிடந்த பென்டிரைவில் இருந்ததை.
மின்ட்தான் என்று நினைக்கிறேன்.
வெளியே சொல்வதில்லை.

இப்போது பால் நுரை அடங்குமுன் திறந்துவிடுகிறது.
சத்தம்தான் வரவில்லை;
தூங்கும் பிள்ளைகளுக்கு அது நல்லதே.
மூடியில் ஒட்டிய பென்குவினை
சட்டை போட்ட காக்கா என்கிறார்கள்.
நாலு பேரும் தனித்தனியாக போன் எடுத்து
"நான் சொன்னதப் போட்டிருந்தா
சத்தம் வந்திருக்கும்" என்றார்கள்.

போன வியாழன் லிந்துலை ஆஸ்பத்திரி.
பிரஷர் கிளினிக்கில் நீண்ட வரிசை.
மிஸ்ஸின் கம்ப்யூட்டரில்
அதே வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.
சத்தியமாக நான் பேச நினைக்கவில்லை.
வாய் தானாகத் திறந்தது:
"மிஸ், நீங்க லினக்ஸ் போட்டுப் பாக்கலாமே."

"எது?" என்றார் அவர்.

எனக்குப் பின்னால் பதினெட்டுப் பேர்.
நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.