ஈரப்பதம் பத்தொன்பது

இன்றைக்கும் லாரி வரவில்லை.
வடுவூர் கொள்முதல் நிலையத்தில்
நாலாயிரம் மூட்டைக்கு நான் ஒருவன்.
காதில், ஒஹையோப் பையன்கள் ஐவரின்
முதல் மெட்டல் ஆல்பம்.

வேகமெல்லாம் சரிதான், தம்பிகளா.
டிரம்முக்கு எங்கள் தூற்றும் மெஷினே தோற்கும்.
ஆனால் இந்த இரட்டைக் கிதார்
ஸ்வீடனில் விட்ட நாற்று;
வேரில் அந்த ஊர்ச் சேறு அப்படியே இருக்கிறது.
உங்கள் ஊரில் சோளம்தானே?
பாட்டுக்குப் பாட்டு ஏன் பனி, ஓநாய், பனி?

குற்றமில்லை.
போன குறுவைக்கு நானும்
மூவாநல்லூர் செபஸ்தியானிடம்
ஐம்பது முடி கடன் வாங்கித்தான் நட்டேன்.

ஆறாவது பாட்டு, இரண்டாம் நிமிடம்.
உறுமிக்கொண்டிருந்தவனுக்குத் தொண்டை கம்முகிறது.
மூடிய டயர் ஆலை, கேட், அப்பா
என்று ஏதோ சொல்கிறான்.
ஒரு கிதார் வரப்பை விட்டிறங்கித்
தனியே கொஞ்ச தூரம் போகிறது.
அவ்வளவுதான். மறுபடி ஓநாய்.

அந்த இடத்தை நாலு தடவை கேட்டேன்.
ஐந்தாவதுக்குள் தூறல்;
தார்ப்பாயை இழுக்க ஓடினேன்.

விடிந்ததும் டிராக்டரோடு நிற்பவர்களிடம்
சொல்லப்போவதுதான் உங்களுக்கும்:
ஈரம் பத்தொன்பது காட்டுது.
திருப்பி அனுப்பலை.
இங்கேயே களத்துல கொட்டிக் காய விடுங்க.
நாளன்னிக்கு
நானே அளக்கிறேன்.