மூன்று யூனிட்

முப்பத்தொரு வருஷம் ரீடிங் எடுத்தவள் நான்.
உடுமலை, பூளவாடி, அப்புறம் கோயமுத்தூர்.
எந்த வீட்டுக்குள்ளும் எனக்கு அனுமதி
மீட்டர் பெட்டி வரைக்கும்தான்.
அதற்கு மேல் போனதில்லை. போக வேண்டியும் இருந்ததில்லை.
படிக்கட்டுக்கு அடியில், மோட்டார் ரூமுக்கு எதிரில்,
செருப்பு ஸ்டாண்டை ஒட்டி,
மீட்டர் எங்கேயோ அங்கேதான்
அந்த வீட்டின் வயசான ஆளுக்குக் கட்டில்.
டார்ச் அடித்தால் எண்ணுக்கு முன்னால்
ஒரு முகம் திரும்பும்.
பில் எவ்வளவு என்று கேட்கும்.
சொன்ன பிறகும் இன்னொரு தடவை கேட்கும்,
நான் நகர்ந்துவிடாமல் இருக்க.

சசிதரன் புது வீட்டில் கீழே ஒரு ரூம் கட்டினான் எங்களுக்கு.
நல்ல ரூம். வழுக்காத டைல்ஸ், கைப்பிடி வைத்த பாத்ரூம்.
குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.
சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டேன்:
"மீட்டர் எங்க சாமி வெச்சிருக்கே?"
"இந்த ரூமுக்கு வெளியதானுங்மா. ஏன்?"
ஒன்றுமில்லை என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து
இவரும் நானும் எக்ஸெல்லில் கிளம்பினோம்.

வடவள்ளிப் பக்கம் ஒன்று.
யோகா ஹால், சின்னதாக ஒரு தியேட்டர், மலை தெரியும் பால்கனி.
அந்த மலையை மறைத்து அடுத்த பிளாக் எழும்புவதை
நாங்கள் பார்த்துவிடாதபடி
விற்கிற பையன் குறுக்கே நின்றுகொண்டான்.
துடியலூர் தாண்டி இன்னொன்று.
ஒரு வாய் குடித்ததுமே தெரிந்துவிட்டது, சிறுவாணி இல்லை.
எங்கே போனாலும் இவருக்கு ரெண்டே கேள்வி.
வண்டி நிறுத்த நிழல் இருக்குதுங்களா.
ரெண்டாவது மெதுவாக, என் காதில்:
"ஒருத்தருக்கு மட்டும்னா மாசம் எவ்வளவாம், கேளு."
கேட்டேன்.
எந்த ஒருத்தர் என்று
நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவது தொண்டாமுத்தூர் ரோட்டில்.
அங்கங்கே பெயின்ட் உரிந்திருந்தது.
பாத்ரூமில் ஒரு சிவப்புப் பொத்தான்.
"அமுக்கினா ஒடனே ஆள் வந்துருவாங்கம்மா" என்றாள் ஆபீஸ் பெண்.
அமுக்கிவிட்டேன்.
ஐயோ, சும்மா சொன்னேனுங்க என்று அவள் பதற
நான் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு நிமிஷம் ஆகவில்லை,
எதிர் பிளாட்டிலிருந்து ஓடி வந்தார் ஒரு மனிதர்,
பாதி முகத்தில் ஷேவிங் நுரை,
பாதி வழித்தாகிவிட்டது,
ரேஸர் கையிலேயே.
"ஆருக்கு என்னாச்சுங்க?"
பத்ரப்பன். சோமனூரில் தறிச் சாமான் கடை வைத்திருந்தவராம்.
அவர் பின்னால் தோசைக் கரண்டியோடு ஒரு அம்மாள்.
அப்புறம் வாக்கரைத் தள்ளிக்கொண்டு இன்னொருவர்,
அவர் வந்து சேர்வதற்குள்
நான் சாகவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது.
இருந்தும் வந்து பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.
செக்யூரிட்டி வந்தது நாலாவது நிமிஷம்.
அதை ஒரு புகாராக எழுதிக் கொடுத்துவிட்டு
அட்வான்ஸ் கட்டினோம்.

மூன்று நாள் சசிதரன் பேசவில்லை.
நாலாம் நாள், "ஒறம்பரையெல்லாம் என்னையத்தானே காறித் துப்புவாங்க."
நியாயம்தான். துப்புவார்கள்.
"இருவது நிமிஷந்தானே சாமி. வா.
வர்றப்ப ஒரு போன் போட்டுட்டு வா,
நாங்க வீட்ல இருக்கோணுமில்ல."
பெற்ற பிள்ளையிடம் அப்படிச் சொன்னது முதல் தடவை.
வாய் கூசத்தான் செய்தது.
சாமான் ஏற்ற வண்டி பிடித்து வந்தவன் அவன்தான்.
கிரைண்டரைத் தானே தூக்கினான்,
வேறு யாரையும் தொடவிடவில்லை.

பால் காய்ச்சும் முன் மீட்டரைப் பார்த்தேன்.
கை போன பழக்கம்.
புதிதாக மாட்டியது, சீல் பளபளவென்று.
மூன்று காட்டியது.
"டெஸ்ட் பண்றப்ப எரிஞ்சிருக்கும்மா" என்றாள் ஆபீஸ் பெண்.
"நாங்க எரிக்கலையே" என்றேன்.
மூணு யூனிட்டுதானே, விட்டுத் தொலை என்று
இவர் என் கையைச் சுரண்டுகிறார்.
விடுவேனா.
இந்த வீட்டுக் கணக்கு மூன்றிலிருந்துதான் தொடங்குகிறது என்று
எழுதி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு
அப்புறம்தான் அடுப்பைப் பற்றவைத்தேன்.