ஏழில் ஏழு

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு எண்கள் வரும்.
பத்தரைக்கே முகுந்தராஜ்
தன் கண்ணாடி அறையைப் பூட்டிக்கொள்வார்.
வெளியே நாங்கள் அவர் முதுகைப் படிப்போம்:
தோள் இறங்கினால் ஏழு.
இன்னும் இறங்கினாலும் ஏழுதான்,
ஊரில் இருப்பதே ஏழு நிலையம்.

"ஏழாவதும் சுரந்தானே" என்றாள் டெல்பினா,
இரவு நிகழ்ச்சிக்காரி.
யாரும் சிரிக்கவில்லை.
விளம்பரம் பிடிக்கும் பையன் மட்டும்
கால்குலேட்டரில் எதையோ அழித்தான்.

தங்கசாலையில் அடகுக்கடைக்கு மேல் இரண்டாம் மாடி.
பேசின் பாலத்தில் ரயில் திரும்பினால்
எங்கள் மைக்கில் ஒரு முனகல் விழும்.

என் வேலை பாட்டு அடுக்குவது.
மூன்று வருஷத்தில் மூன்று வேஷம் போட்டாயிற்று:
"எல்லாருக்கும் எல்லாம்",
அப்புறம் "தொண்ணூறுகள் மட்டும்",
இப்போது "அடி தூள்".
மும்பையிலிருந்து வந்த ஆலோசகர்
ஓட்டல் அறையில் அறுபது பேரை உட்காரவைத்து
பாட்டுக்கு ஏழு நொடி போட்டுக் காட்டினார்.
ஏழு நொடியில் பிடிக்காதது செத்தது.
முன்னிசை நீண்ட பாட்டெல்லாம்
குரல் வருமுன்பே போய்ச் சேர்ந்தன.

ஆயிரத்து நானூறில் மிஞ்சியது நூற்றெண்பது.
அதிலும் முதல் இருபது
மூன்று மணிக்கொரு தரம் வந்தே தீரும்,
கொருக்குப்பேட்டை கேட்டில் ஷண்டிங் அடிக்கும்
கூட்ஸ் மாதிரி: இப்போதுதான் போனது,
இதோ மறுபடி குறுக்கே நிற்கிறது.
மாடிக்குக் கீழே டீக்கடையிலேயே
வேறு நிலையம்தான் பாடுகிறது.
"கோச்சுக்காத சார்,
உங்க ஸ்டேஷன்ல எப்ப வச்சாலும் அதே பாட்டு."

சர்வே எடுக்கும் சுபேதா என் தெருக்காரி.
வீட்டுக்கு ஒரு நோட்டு கொடுப்பாள்,
எந்த நேரம் எந்த நிலையம், டிக் போடணும்.
கொடுங்கையூரில் ஒருவர்
ஞாயிறு ராத்திரி நோட்டைத் தேடியெடுத்து
ஒரு வாரத்தையும் ஒரே மூச்சில் போட்டாராம்.
"டேய், பாலத்தாண்ட போர்டு வச்சிக்கிறானே,
அது எந்த ஸ்டேஷன்?"
அதற்கு விழுந்தது ஏழு டிக்.
அந்த போர்டு எங்களுடையதல்ல.

அன்றிரவு
எண்ணூர் சாலையில் பெட்ரோல் தீர்ந்தது.
துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் வரிசை
நகராமல் நின்றிருந்தது.
வண்டியடியில் அடுப்பு மூட்டியிருந்தார்கள்.
பைக்கைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.
ஒரு கேபினில் டெல்பினாவின் குரல்.
அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும்.
நாற்பது லாரி வரை எண்ணினேன்.
அவள் தொடங்கிய ஒரு வாக்கியம்
வண்டிக்கு வண்டி கைமாறி
என்னோடு நடந்துவந்தது.

ஓபுலேசு, கடப்பாக்காரர்,
சோறு வடித்துக்கொண்டிருந்தார்.
ஏன் இந்த ஸ்டேஷன் என்றேன்.
"போனு சார்ஜு லேது சார்.
அந்தக் குத்துப் பாட்டு ஒருவாட்டி வந்தா மூணு அவர்.
இன்னிக்கி நாலுவாட்டி வந்துச்சு."
கரண்டியால் வரிசையைக் காட்டினார்:
"வண்டி ஒரு அடி போலே."

சுபேதாவின் நோட்டுக்குக் கதவு எண் வேணும்,
தெருப்பெயர், குடும்பத்தலைவர் பெயர் வேணும்.
ஓபுலேசிடம் இருப்பது
சேறு தெறித்த ஒரு ஆந்திரப் பதிவெண்.

முகுந்தராஜிடம் சொன்னேன்.
"லாரிக்காரன் என்ன வாங்குவான்,
நகையா, ஃபிளாட்டா?" என்றார்.
டயர், என்றான் விளம்பரப் பையன்,
மெதுவாக.

திங்கள் பின்னிரவு மூன்று மணிக்கு
குத்துப் பாட்டை எடுத்துவிட்டு
செத்த பாட்டு ஒன்றை வைத்தேன்,
ஒன்றேமுக்கால் நிமிஷம் முன்னிசை மட்டும்.
வீணை முடிந்து வயலின் ஏறும்போது
ஸ்டுடியோ போன் அடித்தது.
ஓபுலேசு இல்லை, யாரோ, தூத்துக்குடிப் பேச்சு:
"என்ன சார், மூணு மணிப் பாட்டு எங்க?
அதுக்குன்னே முழிச்சி உக்காந்திருக்கோம்லா."

நான் வாயெடுப்பதற்குள்
அவருக்குப் பின்னால் ஹாரன்கள்,
ஒன்று, அப்புறம் ஐந்தாறு.
"நகருது, நகருது" என்று கத்தியபடி
வைத்துவிட்டார்.